மூன்றாம் இறக்கம்

"அவருக்கு எப்படி விட்டீங்களோ, எனக்கும் அப்படியே விடுங்கண்ணா." சொல்லிவிட்டு அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். மேடையில் வண்டியைக் கிளப்பிவிடுகிற இஸ்மாயில் மடிக்கம்பியை இறக்கி ஆட்டிப் பார்த்தான், பச்சை விளக்கு எரிந்தது, வண்டி நகர்ந்துவிட்டது. என் கையில் பிரேக் கட்டை. இருபத்தாறு வருஷமாகப் பிடித்துப் பிடித்து என் உள்ளங்கைக்குத் தக்கபடி தேய்ந்துபோன கட்டைதான், இன்றைக்கு இரவல் சாமானைப் பிடித்த மாதிரி இருக்கிறது. அப்படியே விடுங்கண்ணா. எப்படி விட்டேன் என்று இவளுக்குத் தெரியுமா? தெரியாது. தெரிந்தால் அண்ணா என்று கூப்பிடுவாளா? தெரிந்துதான் கூப்பிடுகிறாளோ? எங்கள் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு மகளிர் குழு வேனில் வந்திருக்கிறது, இருபது பெண்கள், எல்லோருக்கும் ஒரே ஊதாச் சேலை. பத்தொன்பது பேர் தண்ணீர்ச் சறுக்கல் பக்கம் கூச்சல் போட்டுக்கொண்டு ஓட, ஒருத்தி மட்டும், மரச்சட்டத்தின்மேல் ஏறி இறங்கி ஓடுகிற இந்த மரரயில் வரிசையில் வந்து நின்றாள். மேடைப் படியில் ஏறும்போதே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தலை நரைத்துவிட்டது, கண்ணாடி வந்துவிட்டது, ஆனால் வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற அந்த நடையை மறக்க முடியுமா? டைப்ரைட்டிங் வாத்தியார் கதிர்வேலுவின் சம்சாரம். ரஞ்சிதம். வாத்தியார் ஞாயிறு தவறாமல் மரரயில் ஏற வருவார், இந்த அம்மா ஒருநாளும் ஏறியதில்லை, எதிரே வேப்பமரத்தடிப் பெஞ்சில் டிபன் கூடையோடு உட்கார்ந்திருப்பாள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் இந்த வண்டியில் உயிரோடு போய்ப் பிணமாகத் திரும்பி வந்தார். வண்டியை ஓட்டியது நான். "ஏனுங்கண்ணா, வாத்தியாரு உக்காருவாருங்களே, அந்த எடம் எதுங்க?" என்று கேட்டாள். முதல் பெட்டி என்று சொல்லியிருக்கலாம், முதல் பெட்டியில் அவள் முகமோ முதுகோ எனக்குத் தெரியாது, அவள்பாட்டுக்கு ஒரு சுற்று போய் வந்திருப்பாள். ஆனால் வாய் முந்திக்கொண்டது. "கடைசிப் பெட்டிங்க, கடைசி சீட்டு." வண்டியின் வால்பலகையில் பிரேக் பிடிக்கிற எனக்கு நேர் முன்னால். கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் அவளுடைய பிடரி இருக்கிறது, நரைத்த கொண்டை, அதில் ஒரு கொண்டை ஊசி பாதி வெளியே வந்து கிடக்கிறது.

டக், டக், டக். சங்கிலி பிடித்துக்கொண்டது. எழுபத்திரண்டு அடி ஏற்றம், உச்சிக்குப் போக ஒரு நிமிஷம் பத்து நொடி. இந்த ஒரு நிமிஷத்தில் ஜனங்கள் என்னென்ன பேசுவார்கள் என்று எனக்கு மனப்பாடம். ஐயோ ஏன் ஏறினோம் என்பார்கள், அந்த ஆணியைப் பார் ஆடுது என்பார்கள், அடுத்த மாசம் இதை இடிக்கப்போறாங்களாம், அதுக்கு முன்னாடி ஒருதரம் ஏறிடணும்னு வந்தோம் என்பார்கள். அடுத்த மாசம் அடுத்த மாசம் என்று நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முதலாளியின் அப்பா சீமைக்குப் போய் எங்கோ பார்த்துவிட்டு வந்து, இந்த மலையடிவாரத்தில், கோயம்புத்தூர்க்காரர்கள் சிரிக்கச் சிரிக்கக் கட்டியது. பக்கத்திலேயே ஏழு வருஷமாக இரும்பு வண்டி ஒன்று நிற்கிறது, இதைப்போல இரண்டு மடங்கு உயரம், ஆளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சுற்றும், எல்லாம் கம்ப்யூட்டர். அதற்கு ஐம்பது பேர் நிற்கிற நேரத்தில் இதற்கு நூறு பேர் நிற்கிறார்கள். ஏன் என்று மேனேஜர் ஒருதரம் கூட்டம் போட்டுக் கேட்டார். பாரம்பரியம், பழைய ஞாபகம் என்று ஆளாளுக்கு உளறினார்கள். என்னைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இரும்பு வண்டி ஆளைப் பயமுறுத்தும், தான் பயப்படாது. இது ஆளோடு சேர்ந்து தானும் நடுங்கும். மரம் ஆட வேண்டும், ஆடாத மரம்தான் முறியும் என்று கட்டிய மேஸ்திரி சொல்வாராம். வண்டி போகிற வேகத்தில் அத்தனை கால்களும் ஒரு சாண் அசைந்து திரும்பி நிற்பதைக் கீழே நின்று பார்த்தால் குலை நடுங்கும், அப்புறம் வரிசையில் போய் நிற்பார்கள். நம்மைப்போலவே முனகிக்கொண்டு, நம்மைப்போலவே எப்போது விழுமோ என்று நிற்கிற ஒன்று நம்மைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுகிறது, அதில் ஒரு ஆறுதல். திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடும் என்பதுதான் பேச்சே. அந்தப் பேச்சு ஒருதரம் தவறிப்போனது.

கணவாய்க் காற்று இன்றைக்குப் பலமாக இருக்கிறது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்கிறாள். வேண்டாம் அம்மணி, இறங்கிவிடு என்று சொல்லக்கூடாதா? சங்கிலியில் ஏறிய வண்டியை நிறுத்தி ஆளை இறக்குவதற்குப் பக்கவாட்டில் படி இருக்கிறது, வருஷத்தில் இரண்டு மூன்று பேரை அப்படி இறக்கியும் இருக்கிறேன். மணியை அடித்தால் இஸ்மாயில் நிறுத்துவான். எதற்கு நிறுத்தினாய் என்று கேட்டால்? இந்த அம்மாவுக்கு முடியவில்லை என்று சொல்லலாம். எனக்கு முடியவில்லை என்று சொல்லலாம், அதுதான் நிஜம். மணியில் கை வைக்கவில்லை. வைக்க மாட்டேன் என்று எனக்கே தெரியும், நான் எந்த மணியையும் அடிக்கிற ஜாதி கிடையாது, அன்றைக்கும் அடிக்கவில்லை. அன்றைக்கு. அன்றைக்கு அவர் தட்டினாரா? இதோ ஆரம்பித்துவிட்டது. பதினொரு வருஷமாக இந்த ஏற்றத்தில் ஏறுகிற ஒவ்வொரு தடவையும் இந்த இடத்துக்கு வந்தால் இது ஆரம்பித்துவிடும், பல்லில் சிக்கிய நாரை நாக்கு தேடிப் போகிற மாதிரி. தட்டினாரா, தட்டவில்லையா. மூன்றாவது இறக்கத்தில் சிவப்புப் பெயிண்ட் அடித்த தாங்குகால் ஒன்று வரும். அங்கே பிரேக் கட்டையைப் பாதிக்கு இழுக்க வேண்டும், வெள்ளைக் கால் வந்ததும் விட வேண்டும், அதுதான் சட்டம், தினமும் காலையில் தாளில் கையெழுத்துப் போடுகிறோம். இழுக்காமல் விட்டாலும் வண்டி ஒன்றும் கவிழாது, அடுத்த மேட்டில் ஏறுகிற வேகத்தில் ஆள் சீட்டைவிட்டு எழும்பிவிடுவார், மூன்று நொடி. மூன்று நொடிக்கு யாரும் எதன்மேலும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். தொடைக்கும் பலகைக்கும் நடுவில் காற்றுப் போகும். அதை ருசி கண்டவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள், வாராவாரம் வருகிறவர்கள். வாயால் கேட்டால் மற்றவர்கள் பயப்படுவார்கள் என்று அவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள், எனக்கு முன்னால் பிரேக் பிடித்த ஆள் காலத்திலிருந்தே உண்டு. உச்சியில் வண்டி திரும்பும்போது பக்கப் பலகையில் விரல் முட்டியால் ரெண்டு தட்டு. ரெண்டு தட்டினால் கையை எடுத்துக்கொள் என்று அர்த்தம். மேனேஜருக்குத் தெரியாது. வாத்தியார் தட்டாத ஞாயிறு கிடையாது.

டைப் அடிக்கிற விரல், அவர் தட்டு எனக்குத் தனியாகத் தெரியும். டொக்டொக். அவ்வளவு சுத்தமாக இருக்கும். அவர் முகம் எனக்குப் பாதிதான் ஞாபகம், ஏறும்போதும் இறங்கும்போதும் பார்த்ததுதான், பிடரிதான் முழுசாக ஞாபகம் இருக்கிறது. கழுத்தைத் தடவிக்கொள்கிற பழக்கம் அவருக்கு, ரிப்பன் மை ஒட்டிய விரலால் தடவித் தடவிச் சட்டைக் காலரில் எப்போதும் ஒரு கறை. என்னைவிட நாலு வயசு மூத்தவர், "ஏப்பா நாச்சிமுத்து, வாரம் பூரா புள்ளைங்க டபடபன்னு அடிக்கற சத்தம் மண்டைக்குள்ளயே இருக்குது. இங்க மேல வந்தா அது நின்னுருது" என்று ஒருதரம் சொன்னார். அதற்குத்தான் வந்தார். மூன்று நொடிக்கு. அந்த மூன்று நொடியில் அவர் சிரிப்பார். கத்துகிறவர்கள் உண்டு, சாமி பெயரைச் சொல்கிறவர்கள் உண்டு, அம்மா என்று அழைக்கிற ஐம்பது வயது ஆம்பளைகள் உண்டு, இவர் சிரிப்பார், தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, வாய் நிறைய. அந்த ஞாயிறு மேடையில் ஏறும்போது அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். பார்த்தேன். பார்க்கவில்லை என்று எனக்கு நானே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாயிற்று, பார்த்தேன். என்னங்க வாத்தியாரே என்றேன், ஒண்ணுமில்லப்பா கரிக்குது என்றார். உச்சியில் வண்டி திரும்பியது. காற்று அடித்தது. காற்றில் கேட்காமல் போயிருக்கலாம். தட்டியிருக்கலாம், நான் கவனித்திருக்க மாட்டேன், கை பழக்கத்தில் தானாக விட்டிருக்கும். இல்லை, ஒரு தட்டு கேட்டது. ஒரு தட்டா? ஒரு தட்டு என்றால் என்ன அர்த்தம், அப்படி ஒரு வழக்கமே கிடையாதே. அவர் கை மடிக்கம்பியில் இருந்தது, இரண்டு கையும். இரண்டு கையும் கம்பியில் இருந்தால் பலகையில் எப்படித் தட்டுவார்? அவர் கையை நான் எப்படிப் பார்த்தேன், பின்னால் இருக்கிறவனுக்கு முதுகுதானே தெரியும்? முழங்கை தெரியுமே. இரண்டு முழங்கையும் முன்னால் போயிருந்தன. இப்படியேதான். பதினொரு வருஷம்.

உச்சி வந்துவிட்டது. சங்கிலிச் சத்தம் நின்றது. இங்கே ஒரு கணம் எல்லாம் ஓய்ந்துவிடும், ஜனங்களின் வாய்கூட, கீழே தென்னந்தோப்பும் அதற்கப்பால் மலையும் காற்றாலைகளும் தெரியும், யாரும் பார்க்க மாட்டார்கள். இவள் பார்க்கிறாள். தலையைத் திருப்பித் திருப்பி எல்லாவற்றையும் பார்க்கிறாள், வீடு பார்க்க வந்தவள்போல. முன்பெட்டிகளில் ஒரு காலேஜ் கூட்டம் இருக்கிறது, மடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு இப்போதே ஊளையிடுகிறார்கள். வண்டி திரும்புகிறது. பலகையில் சத்தம் வருமா என்று என் காது நீண்டுகொண்டு போகிறது. இவள் எப்படித் தட்டுவாள், இவளுக்கு அந்த வழக்கமே தெரியாது. ஆனால் சொல்லிவிட்டாளே. அவருக்கு எப்படி விட்டீங்களோ அப்படி. அவருக்கு நான் எப்படி விட்டேன்? ஊருக்குச் சொன்னபடி பார்த்தால், பிரேக் போட்டு விட்டேன். சப்-இன்ஸ்பெக்டர் மேடையிலேயே வைத்துக் கேட்டார், "மூணாவது இறக்கத்துல பிரேக் போட்டியா?" மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்போது மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். பக்கத்தில் இவள் நின்றாள், டிபன் கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அழவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "போட்டனுங்க." டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார், வலி காலையிலேயே ஆரம்பித்திருக்கும், வீட்டில் கவனித்திருக்க வேண்டும் என்றார். விஷயம் முடிந்தது. ஒருவாரம் வண்டி ஓடவில்லை, மறுவாரம் கூட்டம் இரண்டு பங்கு. அந்தச் சீட்டில்தான் உட்காருவேன் என்று சண்டை போட்டார்கள், அட பாவிகளா.

முதல் இறக்கம். வயிறு மேலே வருகிறது, இருபத்தாறு வருஷம் ஆகியும் வருகிறது. மரமெல்லாம் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிக்கிறது, காது அடைக்கிறது, கொண்டை ஊசி தெறித்து என் முழங்காலில் பட்டுக் கீழே போய்விட்டது. அவள் கத்தவில்லை. தோள் இரண்டும் காதுவரை ஏறியிருக்கின்றன. எத்தனை வயசு இருக்கும், அம்பத்தஞ்சு? மாத்திரை ஏதும் சாப்பிடுகிறவளா? கேட்டிருக்க வேண்டாமா, போர்டில் எழுதித்தானே வைத்திருக்கிறார்கள், இருதய நோயாளிகள் ஏறக்கூடாது என்று. அவரும்தான் அந்தப் போர்டைத் தாண்டி வந்தார். திருப்பத்தில் வண்டி இடதுபக்கம் சாய்கிறது, வெயில் கண்ணில் அடிக்கிறது, இரண்டாவது இறக்கம் சின்னதுதான், இது ஒன்றும் செய்யாது. இப்போது முடிவு பண்ண வேண்டும். பிரேக் போட்டால் அது பொய். அன்றைக்கு வாயால் சொன்ன பொய்யை இன்றைக்குக் கையால் சொல்கிற மாதிரி. போடாமல் விட்டால், இவளுக்கும் ஏதாவது ஆகி, தலை இடதுபக்கம் தொங்கிக்கொண்டு மேடைக்கு வந்து சேர்ந்தால். அவர் தலை அப்படித்தான் தொங்கியது, பஸ்ஸில் தூங்குகிறவர்போல. மேடையில் நின்ற பிறகும் நான் அவர் தோளைத் தட்டி, "வாத்தியாரே, எறங்கலீங்களா?" என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே கேட்டேன். வேண்டாம் சாமி. இவளை உயிரோடு இறக்கிவிட்டால் போதும். அவர் கேட்டதால் விட்டேன் என்றால் பாதிப் பாவம் அவர்மேல் போகும் என்று பார்த்தாயா, நாச்சிமுத்து? அதற்காகத்தானே அவரைத் தட்டச் சொல்லித் தட்டச் சொல்லிப் பதினொரு வருஷமாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறாய்? செத்த மனுஷனைக்கூட விட மாட்டாயா? சிவப்புக் கால் வருகிறது. வண்டி மூக்கைக் கீழே தள்ளுகிறது. அவளுடைய இரண்டு முழங்கையும் முன்னால் போகின்றன, கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அப்படியே, அச்சாக அப்படியே. இரண்டு கையும் கம்பியில். எனக்குத் தெரியும். எனக்கு எப்போதுமே தெரியும். இழுத்தேன். பாதிக்கு மேலேயே இழுத்துவிட்டேன், கட்டை கதறியது, சக்கரத்தில் மரம் தேய்கிற வாடை, காலேஜ் கூட்டம் ஓஓ என்று ஏமாந்துபோய்க் குரல் கொடுத்தது, வண்டி மேட்டில் கிழவன் படியேறுகிற மாதிரி ஏறி, மறுபக்கம் இறங்கியது. யாரும் எழும்பவில்லை. வெள்ளைக் காலில் விட்டேன். உயிரோடு இருக்கிறாள். தலை நிமிர்ந்துதான் இருக்கிறது, அவிழ்ந்த கொண்டையை ஒரு கையால் அள்ளிப் பிடித்திருக்கிறாள்.

மேடை வந்தது. இஸ்மாயில் கம்பிகளை உயர்த்தினான். காலேஜ் பையன்கள் என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டு போனார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. நல்லபடியாக முடிந்தது, இறங்கிப் போய்விடுவாள், மகளிர் குழு வேனில் ஏறிவிடுவாள், இனி ஜென்மத்துக்கும் வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டே நான் என் பலகையிலிருந்து இறங்கினேன். அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு எதிரே இருந்த வேப்பமரத்துப் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டாள். முடிஞ்சுதுங்க என்றேன். "இவ்வளவுதானுங்களா?" என்று திரும்பவும் கேட்டாள். "இதுக்குங்களா அவரு வாராவாரம் வந்தாரு? பண்டிகைக்கு எங்கம்மா வூட்டுக்குக்கூட வரமாட்டாரு, ஞாயித்துக்கெழம போயிரும்பாரு. இதுக்கா? இதுல என்ன இருக்குது?" குரலில் கோபம் இல்லை, அருவருப்பு இருந்தது. வாத்தியார் உயிரைக் கொடுத்த இடத்தைப் பார்த்து, ஏமாந்து வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவள்போல அந்த வண்டியின் பலகையைப் பார்த்தாள். எனக்கு அது தாங்கவில்லை. பொய் சொன்னதைத் தாங்கினேன், அவர் பிடரியைத் தாங்கினேன், ராத்தூக்கம் இல்லாததைத் தாங்கினேன், ஆனால் இந்த மனுஷன் இவ்வளவு அற்பமான ஒன்றுக்காக வந்து செத்தான் என்று அவருடைய சம்சாரமே நினைத்துக்கொண்டு போவதை என்னால் தாங்க முடியவில்லை.

"இது இல்லீங்க" என்றேன். "அவரு வந்தது இதுக்கில்லீங்க. இப்ப நான் பிரேக் போட்டுட்டனுங்க. அவருக்குப் போடமாட்டனுங்க. போடாம வுட்டா அந்த மேட்டுல ஆளு அப்படியே மெதக்கும். அதுக்குத்தானுங்க வருவாரு. சிரிப்பாருங்க. வாய்விட்டுச் சிரிப்பாருங்க அம்மணி." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்குள் கண் சின்னதாகிக்கொண்டே போனது. "அன்னிக்கு?" என்றாள். அடுத்த கூட்டம் வரிசைக் கம்பியில் சாய்ந்துகொண்டு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. "அன்னிக்கும் போடலீங்க." "போலீசுக்காரரு கேட்டப்பப் போட்டேன்னு சொன்னீங்களே. என்னையப் பாத்துட்டே சொன்னீங்களே." "ஆமாங்க. பொய்யிங்க." வாய் அதோடு நிற்கவில்லை, அதுவரைக்கும் மட்டும் சொல்லிவிட்டால் அவர் கேட்டுத்தான் விட்டேன் என்ற ஓட்டை இன்னும் திறந்தே இருக்கிறது, அந்த ஓட்டை வழியாக நான் தப்பித்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். "மத்த நாளெல்லாம் அவரே போடவேண்டாம்னு தட்டிச் சொல்லுவாருங்க. அன்னிக்குத் தட்டலீங்க. ரெண்டு கையும் கம்பியப் புடிச்சிருந்துது. நாந்தான் பழக்கத்துல வுட்டுட்டனுங்க."

இஸ்மாயில் என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான். அண்ணா, வண்டி எடுக்கலாமா என்று கேட்க வந்தவன் கேட்காமல் நின்றான். அவள் அடிப்பாள் என்று நினைத்தேன், செருப்பைக் கழற்றுவாள் என்று நினைத்தேன், அப்படிச் செய்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் மெல்லப் பேசினாள், எனக்குச் சொல்வதாகவே இல்லை. "காலைல நெஞ்சு கரிக்குது, இன்னிக்குப் போகலைன்னாருங்க. வாயுவா இருக்கும், கெளம்புங்க, காத்தாடப் போனாச் செரியாப்போயிரும்னு சுக்குத்தண்ணி வெச்சுக் குடுத்து நாந்தான் கூட்டியாந்தேன். டாக்டரு வூட்டுல கவனிக்கலையான்னு கேட்டாரில்லீங்க? என்ற பையன் பக்கத்துல நின்னு கேட்டுட்டான். கொள்ளி வெச்ச அன்னிக்கு ராத்திரி, எங்கப்பன நீதான் கொன்னேன்னு சொல்லிட்டுப் போனவன். இன்னும் வரலீங்க." முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "அந்தச் சுக்குத்தண்ணியத்தானுங்க நான் பதினோரு வருசமாக் குடிச்சுட்டிருக்கேன்."

நான் விட்டதால் செத்தாரா, நெஞ்சுவலியிலேயே செத்தாரா, யாருக்குத் தெரியும், எந்த டாக்டர் வந்தாலும் சொல்ல மாட்டார். ஆனால் தெரியாது என்பதில் பாதி என் பங்கு. அந்தப் பங்கை நான் அன்றைக்கு வாங்கிக்கொண்டிருந்தால் அந்தப் பையன் ஒருவேளை என்னை வந்து அடித்திருப்பான், மேனேஜர் என்னை வேலையைவிட்டுத் தூக்கியிருப்பார், மகள் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப் போயிருக்கும். அவ்வளவுதானே. அதை வாங்கிக்கொள்ளாமல் முழுசையும் இந்தப் பொம்பளை தலையில் வைத்துவிட்டுச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். என்னுடைய பேயெல்லாம் வாத்தியார்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உயிரோடு ஒருத்தி வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பது ஒருநாளும் நினைவுக்கு வரவில்லையே. அவள் எழுந்து நின்றாள். வலது காலை முதலில் மேடையில் வைத்து, பிறகு இடது காலை எடுத்து வைத்தாள். நான் பிடிக்கக் கை நீட்டினேன், பிடித்துக்கொள்ளவில்லை. "இதைய எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

இஸ்மாயில் மேசையில் காலைச் சோதனைத் தாள்கள் இருந்தன. ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பினேன். பேனா அவனே கொடுத்தான், "ண்ணா, யோசிச்சுக்குங்க" என்றும் சொன்னான். எனக்கு நாலு வரி எழுதிப் பழக்கமில்லை. அன்று மூன்றாம் இறக்கத்தில் நான் பிரேக் போடவில்லை, அவர் போட வேண்டாம் என்று சொல்லவும் இல்லை, போலீசில் நான் சொன்னது பொய், அவர் மனைவிமேல் தப்பில்லை. தப்பில்லை என்று எழுத எனக்கு என்ன அதிகாரம் என்று ஒருகணம் தோன்றியது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கொடுத்தேன். அவள் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள், வரிசையில் யாரோ விசில் அடித்தான். படித்துவிட்டுத் தாளைத் திரும்ப நீட்டினாள். "கீழ பேரு போடலீங்களே." போடவில்லைதான். வேண்டுமென்று செய்யவில்லை, வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்வதற்கும் எனக்கு இனி வாய் கிடையாது. ப. நாச்சிமுத்து, பிரேக் ஆபரேட்டர், தேதி, எல்லாம் போட்டேன். அவள் அதை நாலாக மடித்தாள். மடித்தவள் அதே இடத்தில் நின்றாள். போகாமல், உட்காராமல், அந்தச் சின்னத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, முதல்முறையாக முகம் உடைந்துபோய் என்னைப் பார்த்தாள்.

"என்ற பையன் எந்த ஊர்ல இருக்கான்னே தெரியாதுங்கண்ணா. இதைய எங்கீங்க அனுப்பறது?"